வர்ஜீனியா முதல் மசூலிப்பட்டினம் வரை: சர் தாமஸ் டேல் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: டேலைச் சிலர் ஆளுநர் என்கிறார்கள், சிலர் படைத்தலைவர் என்கிறார்கள். எது சரி ஐயா?

பதில்: இரண்டும் சரியே. வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த குடியேற்றமான வர்ஜீனியாவின் ஆளுநர் பட்டம் டி லா வார் பிரபுவுக்கு உரியது. அவர் உடல்நலம் குன்றி இங்கிலாந்து திரும்பியிருந்ததால், 1611 மே மாதம் வந்திறங்கிய டேல் ஆட்சியையும் சேர்த்துக் கவனித்தார். ஆகஸ்டில் தாமஸ் கேட்ஸ் வந்ததும் படைப் பொறுப்போடு நின்றுகொண்டார். கேட்ஸ் 1614இல் சென்ற பிறகு 1616 வரை துணை ஆளுநராக இருந்தார். வர்ஜீனியாவுக்கு வருமுன் நெதர்லாந்தில் டச்சுக்காரர்களிடம் சம்பளம் வாங்கிய போர்வீரர் அவர்.

கேள்வி: அவரைக் கொடுங்கோலர் என்பது மிகையா?

பதில்: மிகையில்லை. நாள்தோறும் நடக்கும் வழிபாட்டுக்கு வராதவருக்கு முதல் முறை அன்றைய உணவுப்படி கிடையாது, இரண்டாம் முறை கசையடி, மூன்றாம் முறை ஆறு மாதக் கடுந்தண்டனை என்றது, கேட்ஸ் தொடங்கி டேல் விரிவாக்கிய சட்டத் தொகுப்பு. அது வெற்று மிரட்டலாக இருக்கவில்லை. ஓடிப்போய்ப் பிடிபட்டவர்கள் தூக்கிலிடப்பட்டதையும், எரிக்கப்பட்டதையும், சக்கரத்தில் கட்டி முறிக்கப்பட்டதையும், கிடங்கில் திருடியவர்கள் மரத்தில் பிணைக்கப்பட்டுப் பட்டினியால் மடிந்ததையும், டேலுக்கு முன் அங்கே பொறுப்பிலிருந்த ஜார்ஜ் பெர்சியே எழுதி வைத்திருக்கிறார்.

கேள்வி: ஆனாலும் அந்தக் கண்டிப்புதானே வர்ஜீனியாவின் முதன்மைக் குடியிருப்பான ஜேம்ஸ்டவுனைப் பிழைக்க வைத்தது?

பதில்: பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. 1609–10 குளிர்காலப் பஞ்சத்தில் ஏறத்தாழ 60 பேரே மிஞ்சிய ஊர் அது. டேல் வந்தபோதோ, விதைக்க வேண்டிய பருவத்தில் மக்கள் தெருவில் பந்து உருட்டி விளையாடிக் கொண்டிருந்தார்கள். எவ்வளவு உழைத்தாலும் விளைச்சல் பொதுக் கிடங்குக்கே போகும் என்றால் வியர்வை சிந்த யாருக்கு மனம் வரும்? பின்னர் அவரே பழைய குடிகளுக்கு ஆளுக்கு 3 ஏக்கர் மக்காச்சோள நிலம் பிரித்துக் கொடுத்து, ஆண்டுக்கு இரண்டரைப் பீப்பாய் தானியமும், விதைப்பும் அறுவடையும் இல்லாத காலத்தில் ஒரு மாத உழைப்பும் மட்டும் கேட்டார். மக்காச்சோளம் பெருகியது அதன் பிறகுதான், கசையால் விளைந்ததன்று.

கேள்வி: அங்கிருந்த பூர்வகுடித் தலைவர் பவ்ஹாட்டனின் மகள் போகாஹொண்டாஸின் திருமணத்தில் டேலின் பங்கு என்ன?

பதில்: 1613இல் கேப்டன் ஆர்கால் சிறைபிடித்து வந்த போகாஹொண்டாஸை, ஆங்கிலக் குடியேறியான ஜான் ரால்ஃப் 1614 ஏப்ரலில் மணக்க ஒப்புதல் தந்தவர் டேல். அதோடு நிற்காமல், இங்கிலாந்தில் மனைவி எலிசபெத் இருக்கும்போதே, போகாஹொண்டாஸின் தங்கையைத் தமக்குக் கேட்டுத் தூது அனுப்பினார். பவ்ஹாட்டன் மறுத்துவிட்டார்.

கேள்வி: டேல் இந்தியாவில் இறந்தார் என்பது உண்மையா?

பதில்: உண்மை. வர்ஜீனியாவில் கழித்த ஆண்டுகளுக்கும் சேர்த்து டச்சு அரசிடம் சம்பளப் பாக்கியை வாங்கிக்கொண்டவர், 1618இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பற்படைத் தலைவராகி அதே டச்சுக்காரர்களோடு ஜாவாக் கடலில் மோதினார். ஜகார்த்தா அருகே நடந்த சண்டையில் டச்சுத் தலைவர் கூன் பின்வாங்கியபோது துரத்திச் செல்லாமல் விட்டார். 1619 மே மாதம் புதுப் படையோடு திரும்பிய கூன் ஜகார்த்தாவை எரித்துவிட்டு, அங்கே பத்தாவியா என்ற டச்சு நகரை எழுப்பினார். டேலோ, கம்பெனிக்குப் பண்டகசாலை இருந்த கோல்கொண்டா ராஜ்யத்துத் துறைமுகமான மசூலிப்பட்டினத்துக்கு ஒதுங்கி, அவ்வாண்டு ஆகஸ்டில் அங்கேயே காலமானார். சென்னையில் கம்பெனி கால் ஊன்ற இன்னும் 20 ஆண்டுகள் இருந்தன.