விண்வெளி ஆய்வுக்கும் பூமியின் சுற்றுச்சூழல் ஆய்வுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா?

"நிலாவுக்கும் செவ்வாய்க்கும் கலம் அனுப்புவதால் இங்கே இருக்கும் காற்றுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகப்போகிறது, இரண்டும் வேறு வேறு துறைகள்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோள் படங்களை வைத்து நீர்நிலைகளின் பரப்பைக் கணக்கிடுவது என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்துதான் பேசுவேன்.

இந்தக் கேள்விக்கு வழக்கமாக ஒரு பட்டியலை நீட்டுவார்கள்: சோலார் பேனல், தண்ணீர் சுத்திகரிப்பு, இன்னும் நாலைந்து பொருட்கள். எனக்கு அந்தப் பட்டியல் பிடிக்காது. சிலிக்கான் சோலார் செல்லை 1954-இல் பெல் ஆய்வகம் காட்டிவிட்டது. 1958-இல் வான்கார்டு 1 செயற்கைக்கோள் அதை மேலே கொண்டுபோனது, அவ்வளவுதான். விண்வெளித் திட்டமே இல்லாவிட்டாலும் இவையெல்லாம் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கும். நான் சொல்லும் தொடர்பு வேறு. இரண்டு பக்கமும் வேலை செய்தவர்கள் பல நேரம் ஒரே ஆட்கள், கையில் இருந்தவையும் ஒரே கருவிகள்.

1960-களில் செவ்வாயில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க எப்படிப்பட்ட கருவியை அனுப்பலாம் என்று நாசா யோசித்துக்கொண்டிருந்தது. அதற்கு உதவ அழைக்கப்பட்டவர்களில் இங்கிலாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக் ஒருவர். மண்ணை அள்ளி நுண்ணுயிர் வளர்கிறதா என்று சோதிப்பது பற்றி மற்றவர்கள் பேசியபோது, காற்றைப் பார்த்தாலே போதுமே என்றார் அவர். பூமியின் காற்றில் ஆக்சிஜனும் மீத்தேனும் சேர்ந்தே இருக்கின்றன. சும்மா விட்டால் இரண்டும் வினைபுரிந்து மீத்தேன் தீர்ந்துபோகும். தீரவில்லை என்றால் எதுவோ அதை விடாமல் நிரப்பிக்கொண்டிருக்கிறது. அந்த 'எது'வில் பெரும்பங்கு உயிர்கள். செவ்வாயின் காற்று அப்படியில்லை. கிட்டத்தட்ட முழுக்க கார்பன் டை ஆக்சைடு; வினையெல்லாம் முடிந்து ஓய்ந்துபோன காற்று.

பூமியின் காற்றை இப்படி ஓயவிடாமல் வைத்திருப்பது எது என்ற கேள்வி அங்கிருந்துதான் அவரைப் பிடித்துக்கொண்டது. கையா கருதுகோள் என்று அவர் பின்னால் சொன்னதன் வேர் இது. பூமி மொத்தமும் ஓர் உயிரி போலத் தன்னைத்தானே சீராக வைத்துக்கொள்கிறது என்பதை அப்படியே ஏற்காதவர்கள் நிறையப் பேர், நானும் அதில் ஒருவன். ஆனால் காற்று, கடல், பாறை, உயிர் நான்கையும் ஒரே கணக்கில் எழுதிப் பார்க்கும் வழக்கம் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1990 டிசம்பரில் வியாழனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கலிலியோ கலம் பூமியை ஒட்டிக் கடந்தபோது, வானியலாளர் கார்ல் சேகனின் குழுவினர் அதன் கருவிகளைப் பூமி பக்கமே திருப்பி, உயிர் இருக்கும் தடயம் தெரிகிறதா என்று பார்த்தார்கள். ஆக்சிஜன், மீத்தேன், தாவரப் பச்சையத்தின் நிறத் தடம் எல்லாம் தெரிந்தன. லவ்லாக் சொன்ன சோதனையில் பூமி பாஸ்!

லவ்லாக் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. காற்றில் துளியளவே இருக்கும் வாயுக்களையும் பிடிக்கும் ஒரு மிக நுட்பமான உணர்கருவியை 1957-இல் அவர் செய்திருந்தார். அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு 1971-72-இல் அட்லாண்டிக்கில் பயணம் போனார். குளிர்சாதனப் பெட்டிகளிலும் ஸ்பிரே டப்பாக்களிலும் இருந்த குளோரோஃபுளூரோ கார்பன்கள் நடுக்கடல் காற்றிலும் பரவிக் கிடந்தன. ஆனால் இதனால் ஆபத்து எதுவும் இல்லை என்றே 1973-இல் அவர் எழுதினார். அடுத்த ஆண்டே, 1974-இல், அதே வாயுக்கள் ஓசோனை அரிக்கும் என்று வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் காட்டினார்கள். அளந்தவருக்கே அளந்ததன் பொருள் தெரியவில்லை. எனக்கு இது கொஞ்சம் ஆறுதல்.

வெள்ளிக் கோளுக்கு வருவோம். அதன் தரையில் சுமார் 465 டிகிரி செல்சியஸ், ஈயம் உருகும் சூடு. சூரியனுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் புதனைவிட அதிகம். இதில் பலர் கவனிக்காத ஒன்று: வெள்ளியின் அடர்ந்த மேகங்கள் வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. உள்ளே சேரும் வெயில் பூமியில் சேர்வதைவிடக் குறைவு. அப்படியும் அந்தச் சூடு என்றால், உள்ளே போன வெப்பத்தைக் காற்று வெளியே விடவில்லை என்றுதான் பொருள். கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கணக்கு 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. அதை ஒரு முழுக் கோளில் சரிபார்க்க வெள்ளி கிடைத்தது.

வெள்ளி ஆய்வில் பயிற்சி எடுத்தவர்தான் நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹேன்சன். அவருடைய முனைவர் பட்ட ஆய்வே வெள்ளியின் வளிமண்டலம் பற்றியது. 1978-இல் வெள்ளிக்குப் புறப்பட்ட பயோனியர் கலத்தில் அவர் முன்மொழிந்த கருவி ஒன்றும் இருந்தது. ஆனால் கண்ணெதிரே மாறிக்கொண்டிருப்பது பூமியின் காற்றுதான் என்று அந்தப் பொறுப்பை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தார். புவி வெப்பமடைதல் தொடங்கிவிட்டது என்று 1988-இல் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சி சொன்னவர் அவரே.

இதை வைத்துப் பூமியும் ஒருநாள் வெள்ளியாகிவிடும் என்று பயமுறுத்துவார்கள். அது மிகை. வெள்ளியின் காற்றழுத்தம் பூமியைப் போல 90 மடங்கு, அதில் 96 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு. நம்மிடம் இருப்பது 0.04 விழுக்காட்டுக்குச் சற்று மேல். கணக்கு ஒன்றுதான், போடும் எண்கள் வேறு.

அப்புறம் கருவிகள். 2008-இல் சந்திரயான்-1 கொண்டுபோன நாசாவின் கனிமவியல் வரைவி, நிலாத் தரையிலிருந்து வரும் வெயிலை நூற்றுக்கணக்கான நிறங்களாகப் பிரித்து, அங்கே நீரின் தடயம் இருப்பதைக் காட்டியது. அதே வம்சத்தில் வந்த எமிட் என்ற கருவியை 2022-இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்தினார்கள். அதற்குக் கொடுத்த வேலை பாலைவனத் தூசியில் என்னென்ன கனிமங்கள் என்று பார்ப்பது. ஆனால் மீத்தேனின் கைரேகையும் அதே அகச்சிவப்புப் பகுதியில்தான் இருக்கிறது. சில மாதங்களுக்குள்ளேயே உலகம் முழுக்க 50-க்கும் மேற்பட்ட பெரும் மீத்தேன் கசிவுகள் சிக்கின. துர்க்மேனிஸ்தானில் எண்ணெய், எரிவாயுக் கட்டமைப்புகளிலிருந்து கிளம்பிய சில புகைத்தடங்கள் 32 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டிருந்தன. நிலாவில் கல்லைப் படிக்கக் கற்றுக்கொண்டது இங்கே குழாய் ஒழுகுவதைக் காட்டிக்கொடுத்தது.

பூமிக்காகச் செய்த உத்தி எதிர்த்திசையிலும் போயிருக்கிறது. 2002-இல் ஏவிய கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களில் கேமராவே முக்கியமில்லை. சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. கீழே எடை அதிகமான இடம் வந்தால் முன்னால் போவது ஒரு துளி இழுபடும், இடைவெளி மாறும். தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய அந்த மாற்றத்தை அளந்து, கீழே பனி எவ்வளவு உருகியது, நிலத்தடி நீர் எவ்வளவு குறைந்தது என்று எடை போட்டார்கள். வட இந்தியாவில் நிலத்தடி நீர் வற்றும் வேகத்தை 2009-இல் உலகத்துக்குச் சொன்னது இந்தத் தரவுதான். பின்னர் அதே உத்தியை கிரெயில் கலங்கள் நிலாவுக்குக் கொண்டுபோய் 2012-இல் அதன் ஈர்ப்பு வரைபடத்தை எடுத்தன.

சரி, மேலே ஒரு கண்ணை வைத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா? தெரியாது. வேலையில் சேர்ந்த முதல் வருடம், ஓர் ஏரியின் பரப்பு ஒரே மாதத்தில் வெகுவாகக் கூடிவிட்டது என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். கூடியது தண்ணீர் இல்லை, மேகத்தின் நிழல். நிழலும் நீரும் படத்தில் ஒரே மாதிரி கறுத்துத் தெரியும். ஏரிக்கரையில் இருந்தவர் ஒரே போன் காலில் என் அறிக்கையைக் கிழித்துப் போட்டார்.

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் பெருமளவில் குறைவதை 1985-இல் முதலில் வெளியிட்டவர்கள் அங்குள்ள ஹாலி ஆய்வு நிலையத்தில் தரையிலிருந்து அளந்த மூன்று பிரிட்டிஷ்காரர்கள். ஓசோனை அளக்கும் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் 1978 முதலே மேலே சுற்றிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் அந்த அளவீடுகளைக் குப்பையில் போட்டுவிட்டது என்று ஒரு கதை சுற்றும். அது சரியல்ல. நம்ப முடியாத அளவுக்குக் குறைவு என்று குறி போட்டு வைத்திருந்தார்கள், சரிபார்த்துக்கொண்டும் இருந்தார்கள். அதற்குள் தரைக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். ஆனால் அந்த ஓட்டை ஒரு கண்டத்தையே மூடும் அகலம் என்பதைக் காட்டிய படம் நிம்பஸ்-7 தந்தது.

கேள்விக்கு நேர்மையாக இருக்கவேண்டும் என்றால் இன்னொரு தொடர்பையும் சொல்லணும். ராக்கெட் புகை மேலேயே தங்கும், பழைய செயற்கைக்கோள்கள் எரிந்து விழும். 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஓசோன் இருக்கும் உயரத்தில் விமானத்தில் சென்று துகள்களைப் பிடித்து ஆராய்ந்தது. அங்கே மிதக்கும் பெரிய கந்தக அமிலத் துகள்களில் சுமார் 10 விழுக்காட்டில் அலுமினியமும், எரிந்துபோன கலங்களின் வேறு உலோகங்களும் இருந்தன. அதனால் ஓசோனுக்கு என்ன ஆகும் என்று இப்போதுதான் ஆராயத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தத் துகள்களில் நியோபியமும் ஹாஃப்னியமும்கூட இருந்தன. எரிகற்களிலிருந்து அந்த அளவுக்கு வர வழியில்லை. சூடு தாங்குவதற்காக ராக்கெட் உலோகக் கலவைகளில் சேர்ப்பவை அவை.