விபத்துப் பதிவேடு காலியாக இருந்தால் போதுமா?

கேள்வி: கட்டுமான நிறுவனம் ஒன்றில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். தொழிலாளர்களில் பாதிக்கு மேல் வடமாநிலத்தவர். ஓராண்டாக விபத்துப் பதிவேட்டில் எதுவும் இல்லை. பாதுகாப்புக் கலாச்சாரத்தை அளந்து காட்டச் சொல்கிறது நிர்வாகம். எங்கே தொடங்குவது?

பதில்: அந்தப் பதிவேட்டிலிருந்து தொடங்காதீர்கள். விபத்தே நடக்காமல் அது காலியாக இருக்கலாம். சொன்னால் கூலி போகும், மேஸ்திரி திட்டுவார் என்ற பயத்தாலும் இருக்கலாம். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். வேலைநாள் இழக்கவைக்கும் காயம் ஏழாண்டுகளாக இல்லை என்பதைப் பாராட்ட வந்த அதிகாரிகள் அப்போது அதே மேடையில்தான் இருந்தார்கள்.

பாதுகாப்பைப் பற்றி எல்லோரும் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு அளக்க ஒரு கேள்வித்தாள் வேண்டும். அதற்கு நோசாக்-50 (NOSACQ-50) நல்ல தேர்வு. நோர்டிக் நாடுகளின் ஆய்வாளர்கள் உருவாக்கியது. பல மொழிகளில் கிடைக்கிறது. 50 வாக்கியங்கள், 7 பிரிவுகள், 1 முதல் 4 வரை மதிப்பெண். ஒரு பிரிவின் சராசரி 3.30-ஐத் தாண்டினால் நல்ல நிலை, 2.70-க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டும். சில வாக்கியங்கள் எதிர்மறையானவை. அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட (1-ஐ 4 ஆக, 2-ஐ 3 ஆக, அதுபோல 4-ஐ 1 ஆக, 3-ஐ 2 ஆக) மறந்தால் கணக்கே தப்பாகிவிடும்.

ஆனால் மொத்தச் சராசரி உங்களுக்கு அதிகம் சொல்லாது. மேலாளர், சைட் இன்ஜினியர், மேஸ்திரி, கம்பி கட்டுபவர், சித்தாள் என்று பிரித்துப் பாருங்கள். விபத்து நடந்தால் நிர்வாகம் காரணத்தைத் தேடுகிறதா, ஆளைத் தேடுகிறதா என்பதற்கு மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் வேறு வேறு பதில் சொன்னால், அந்த இடைவெளிதான் நீங்கள் தேடும் அளவு. என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது அதுதான்.

கேட்பவர் யார் என்பதும் பெரிய விஷயம். மேஸ்திரியோ லேபர் காண்ட்ராக்டரோ பக்கத்தில் நிற்கவே கூடாது. ஒடியா, வங்காளம், இந்தி தெரிந்த வெளியாள் ஒருவர் வாசித்துக் காட்டிக் கேட்கட்டும். பெயர் எழுத வேண்டாம். ஒரு வேலைக்காரர் குழுவில் இரண்டு மூன்று பேர்தான் என்றால் அவர்கள் முடிவைத் தனியாக வெளியிடாதீர்கள். யார் சொன்னது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்புறம், சொல்வது வேறு, சைட்டில் நடப்பது வேறு. மேல்தளத்திலிருந்து சென்ட்ரிங் பலகை யார்மேலும் படாமல் விழுந்தது போன்ற சம்பவங்கள் பதிவாகின்றனவா? பதிவானதற்கும் சரிசெய்ததற்கும் இடையே எத்தனை நாள்? சொன்னவருக்குப் பதில் போனதா? கான்கிரீட் போடும் நாளில் சாரம் ஆடுகிறது என்று ஒருவர் சொன்னால் வேலை நிற்கிறதா? இவற்றை மாதாமாதம் குறித்து வாருங்கள். கேள்வித்தாளை ஓராண்டு கழித்து மறுபடி கொடுங்கள்.

மதிப்பெண்ணை யாருடைய போனஸோடும் இணைக்க விடாதீர்கள். இணைத்தால், அடுத்த முறை எதற்கு எத்தனை போட வேண்டும் என்று தொழிலாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.