கிங்ஸ் லின் எப்படி 'வடக்கு' ஆனது?

கேள்வி: நான் இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில், கிங்ஸ் லின்னில் மருத்துவமனை வேலையில் இருக்கிறேன். உள்ளூர் கால்பந்து கிளப்பின் ஆட்டங்களுக்கு இரண்டு வருடமாகப் போகிறேன். வெளியூர் ஆட்டங்களுக்கும் போக ஆசை. ஆனால் அட்டவணையைப் பார்த்தால் டார்லிங்டன், சவுத் ஷீல்ட்ஸ், சவுத்போர்ட் என்று மலைப்பாக இருக்கிறது. லண்டன் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அந்தப் பக்கத்து கிளப்களோடு ஆடாமல் நாங்கள் ஏன் வடக்கில் கிடக்கிறோம்? அடுத்த வருடம் மாறுமா? எனக்கு ஷிப்ட் வேலை. எதை நம்பி லீவு போடுவது?

பதில்: உங்கள் லீக்கின் பெயரில் இருக்கும் 'வடக்கு' திசைகாட்டியைப் பார்த்து வைத்ததில்லை, தலையை எண்ணி வைத்தது. இது புரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

இங்கிலாந்தின் லீக்குகள் ஏணிப்படி மாதிரி: நன்றாக ஆடினால் ஏறலாம், சறுக்கினால் இறங்க வேண்டும். உச்சியில் பிரீமியர் லீக்கில் தொடங்கி ஐந்தாவது மட்டமான நேஷனல் லீக் வரை நாடு முழுவதற்கும் ஒரே பிரிவுதான். நீங்கள் இருக்கும் ஆறாவது மட்டத்தில்தான் நேஷனல் லீக் வடக்கு, தெற்கு என்று முதல்முறையாக இரண்டாகப் பிரிகிறது. ஏழில் நான்கு பிரிவு, எட்டில் எட்டு, ஒன்பதில் பதினாறு. கீழே போகப் போக ஊர்கள் நெருங்கும், பயணம் குறையும். இந்த ஆறாவது மட்டம் ஒரு சங்கடமான இடம். ஆட்டக்காரர்களில் பலருக்கு வாரநாளில் வேறு வேலை உண்டு. பயணமோ பாதி நாட்டுக்கு.

சீசன் முடிந்ததும் வடக்கிலிருந்து இரண்டு, தெற்கிலிருந்து இரண்டு என்று நான்கு கிளப்கள் மேலே போகும். மேலிருந்து நான்கு இறங்கும். இரண்டு பக்கத்திலும் நான்கு நான்காக எட்டு கிளப்கள் கீழே போக, ஏழாவது மட்டத்திலிருந்து எட்டு ஏறி வரும். ஏறுவதும் இறங்குவதும் எந்த ஊர் என்று யார் கையிலும் இல்லை. கடைசியில் கையில் இருக்கும் 48 கிளப்பை 24, 24 ஆகப் பிரித்தாக வேண்டும். அதைச் செய்வது கால்பந்து சங்கமான எஃப்.ஏ. அந்த வருடம் தெற்கத்திக் கிளப்கள் 28 இருந்தால் நான்கு பேர் வடக்கே போகத்தான் வேண்டும். தெற்குக் கடலோரத்துப் பிரைட்டன் பக்கத்துக் கிளப்பையா அனுப்புவார்கள்? வடக்கையும் தெற்கையும் பிரிக்கும் கோட்டுக்கு அருகில் இருப்பவர்களைத்தான். கோடு ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் நகரும். நார்ஃபோக், பெட்ஃபோர்ட், ஆக்ஸ்ஃபோர்ட், ஹெரஃபோர்ட் எல்லாம் அந்தக் கோட்டோரத்து ஊர்கள். 2025-26 சீசனில் தெற்கு வேல்ஸில் இருக்கும் மெர்த்திர் டவுன்கூட வடக்கில்தான் ஆடியது. உங்கள் ஊரிலிருந்து மெர்த்திர் 350 கிலோமீட்டருக்கு மேல். பெயரில் மட்டும்தான் வடக்கு. வண்டி போவதென்னவோ மேற்கே.

புதிய வழக்கமும் இல்லை இது. 1921 முதல் 1958 வரை இங்கிலாந்தின் மூன்றாம் டிவிஷனே வடக்கு, தெற்கு என்றுதான் இருந்தது. பர்மிங்காம் பக்கத்து வால்சால் வடக்கில் தொடங்கி, தெற்குக்குப் போய், மறுபடி வடக்கு, மறுபடி தெற்கு என்று அலைந்தது.

சரி, அடுத்த வருடம் மாறுமா? மாறலாம். ஆக்ஸ்ஃபோர்ட் சிட்டி 2012-ல் வடக்கில் போடப்பட்டு 2015-ல் தெற்குக்கு மாறியது. 2024-ல் திரும்ப வடக்கு. உங்கள் கிளப் விஷயத்தில் பார்க்க வேண்டியது உங்கள் பட்டியலை அல்ல, மற்றவர்கள் பட்டியலை. மேலே நேஷனல் லீக்கிலிருந்து இறங்குபவர்கள் வடக்கத்திக்காரர்களா? ஏழாவது மட்டத்தில் வடக்கிலிருந்து ஏறுபவர்கள் எத்தனை பேர்? இரண்டும் அதிகமாக இருந்தால் கோடு மேலே நகரும், லின் தெற்கே விழ வாய்ப்பு கூடும். கணக்கு மே மாதத்தில்தான் முடியும். கிளப் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் ஒருவர் வெளியேறினால் இன்னொருவர் உள்ளே வர வேண்டும் என்பதால் அதைப் பெரிதாக நம்ப வேண்டாம்.

இந்த அலைச்சல் ஆட்டத்தைக் கெடுக்குமா என்று அடுத்து கேட்பீர்கள். கெடுக்கும். லண்டனுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டை 2023-24-ல் வடக்கில் போட்டார்கள். கடைசி இடத்தில் முடித்து இறங்கியது. அடுத்த சீசனில் வடக்கில் போடப்பட்ட சஃபோக்கின் நீடம் மார்க்கெட்டும் இறங்கியது. இரண்டும் அப்போதுதான் மேலே வந்த கிளப்கள், பயணத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. ஆனால் செவ்வாய்க்கிழமை இரவு 7.45 ஆட்டத்துக்கு மதியமே பஸ் ஏற வேண்டுமென்றால், எலக்ட்ரீஷியனும் பள்ளி ஆசிரியரும் அரை நாள் சம்பளத்தையோ லீவையோ இழக்க வேண்டும். லீவு கிடைக்காதவர் வரமாட்டார். லின்னே இதற்கு எதிர் உதாரணமும்கூட: இதே வடக்கில் ஆடித்தான் 2020-ல் முதலிடம். கொரோனாவால் சீசன் நின்றபோது யார்க் சிட்டி 2 பாயிண்ட் முன்னால் இருந்தது. லின் 2 ஆட்டம் குறைவாக ஆடியிருந்ததால் ஒரு ஆட்டத்துக்கு எத்தனை பாயிண்ட் என்று கணக்கிட்டு லின்னை ஏற்றினார்கள்.

தூரத்துக்குப் பயந்து ஏறவே மறுத்தவர்களும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கதை இது. வடகிழக்கு மூலையில் 1889-ல் தொடங்கிய நார்தர்ன் லீக் இருக்கிறது. அதன் நல்ல அணிகள் பல, அடுத்த படிக்குப் போனால் பென்னைன் மலையைத் தாண்டி லங்காஷயர், செஷயர் வரை வாரநாளில் ஓட வேண்டும் என்று அங்கேயே தங்கிவிட்டன. விளைவைப் பாருங்கள்: ஒன்பது, பத்தாவது மட்டக் கிளப்களுக்கான எஃப்.ஏ. வேஸ் கோப்பையை 2009 முதல் 2017 வரை 9 ஆண்டுகளில் 8 முறை அந்த லீக்கின் அணிகளே தூக்கின. விட்லி பே மட்டும் தொடர்ந்து மூன்று முறை. மேலே ஆட வேண்டிய அணி கீழே நின்றால் கோப்பை வேறு எங்கே போகும்? 2021-ல் எட்டாவது மட்டத்தை எட்டுப் பிரிவாக்கியதில் இந்தப் பயணத்தைக் குறைக்கும் நோக்கமும் இருந்தது.

லின் மறுபடி நேஷனல் லீக்குக்கு ஏறினால் இன்னும் மோசம், அதையும் சொல்லிவிடுகிறேன். 2025-26-ல் அங்கே தென்மேற்கு மூலையில் கார்ன்வாலின் ட்ரூரோவும் வடக்கே கேட்ஸ்ஹெட்டும் ஒரே பிரிவில். இரண்டுக்கும் இடையே சாலையில் சுமார் 740 கிலோமீட்டர். பஸ் ஓட்டுநர் ஒரு நாளில் பொதுவாக 9 மணி நேரம்தான் ஓட்டலாம், நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை 45 நிமிட ஓய்வு கட்டாயம். ஒரு வழிக்கே அந்த 9 மணி நேரம் தீர்ந்துவிடும். அப்புறம் இன்னொரு ஓட்டுநர் அல்லது ஓட்டல் அறைகள். செலவு கிளப்பின் தலையில்.

இப்போது உங்கள் லீவு. ஜூலையில் அட்டவணை வந்ததும் சனிக்கிழமை ஆட்டங்களை மட்டும் குறியுங்கள். தூரத்துச் செவ்வாய்க்கிழமைகளை அடித்துவிடுங்கள். ஆட்டம் முடிய 9.40 ஆகும், அதற்குமேல் டார்லிங்டனிலிருந்து லின் வரை ரயில் கிடையாது. சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம் என்றால் பீட்டர்பரோ, ஈலி வழியாக இரவுக்குள் வீட்டுக்கு வரலாம். செப்டம்பரில் உங்கள் கிளப்புக்கு எஃப்.ஏ. கோப்பைத் தகுதிச் சுற்று தொடங்கும். அந்தச் சனிக்கிழமைகளில் கிளப் ஜெயித்துக்கொண்டே போனால் லீக் ஆட்டம் தள்ளிப்போகும், பெரும்பாலும் ஒரு செவ்வாய்க்கு. ஆகவே அந்த வாரங்களுக்கு முன்கூட்டியே அட்வான்ஸ் ரயில் டிக்கெட் வாங்காதீர்கள். பணம் திரும்பாது, கட்டணம் கட்டித் தேதி மாற்றத்தான் முடியும். நெரிசலில்லாத நேரத்துக்கான ஆஃப்-பீக் டிக்கெட் கொஞ்சம் விலை கூடினாலும் ரத்து செய்யலாம்.

ஜனவரி, பிப்ரவரியில் காலையில் நடுவர் மைதானத்தைப் பார்த்தாரா என்று கிளப்பின் இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் நான்கு மணி நேரம் ஓட்டிப் போனேன். பூட்டிய கேட்டில் 'தரை உறைந்துவிட்டது' என்று கையால் எழுதிய அட்டை. பக்கத்தில் என்னைப் போலவே இன்னொருவர் கையில் சாண்ட்விச்சோடு நின்றிருந்தார்.

காரில் போவதானால் நியூவார்க் வரை ஏ17 சாலைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். பெரும்பாலும் திசைக்கு ஒரு தடம்தான். இலையுதிர் காலத்தில் டிராக்டர்களும் சர்க்கரை பீட்ரூட் லாரிகளும் முன்னால் ஊரும். ரசிகர்கள் சேர்ந்து பஸ் எடுத்தால் அதுவே நல்லது. முதல் பயணத்துக்குப் பீட்டர்பரோ ஸ்போர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள், ஒரு மணி நேரம்தான். பண்டிகை நாட்களில் பக்கத்து ஊர்களோடு ஆட்டம் வைக்கப் பார்ப்பார்கள் என்பதால் பாக்சிங் டே (டிசம்பர் 26), புத்தாண்டு ஷிப்டை மட்டும் இப்போதே யாரிடமாவது மாற்றிக்கொள்ளுங்கள்.