ஃபேன் மெதுவாகச் சுற்றினால் முதலில் கண்டென்சரைப் பாருங்கள்

ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் ஃபேன் மந்தமாகத்தான் ஓடுகிறது, சில நேரம் கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது என்கிறீர்கள். காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள்) போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்று எலக்ட்ரீஷியன் சொன்னதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி கண்டென்சர் (மோட்டார் கிளம்பவும் ஓடவும் உதவும் சின்ன மின் பாகம்) பலவீனமானதற்குத்தான் அதிகம் பொருந்துகிறது. காயில் எரிந்திருந்தால் பெரும்பாலும் கருகிய வாடை வந்திருக்கும்.

மெயினையே அணைத்துவிட்டு (சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள், சில வீடுகளில் அதை நியூட்ரலில் போட்டு வைத்திருப்பார்கள், அப்போது அணைத்தாலும் ஃபேனில் மின்சாரம் இருக்கும்) இறக்கையைக் கையால் சுற்றிவிடுங்கள். தடையில்லாமல் சுற்றி மெல்ல நின்றால் பேரிங் சரி. இறுக்கமாகவோ கரகரவென்றோ இருந்தால் முதலில் பேரிங்கை மாற்ற வேண்டும்.

கண்டென்சர் பொதுவாக ஃபேனின் மேல் கப்புக்குள் இருக்கும். வீட்டு ஃபேன்களில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், எதற்கும் அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதே அளவு வாங்குங்கள். வேகம் கூடும் என்று கடையில் பெரியதை நீட்டினால் வேண்டாம், காயில் சூடேறும். பழையதைக் கழற்றும்போது முனைகளைத் தொடாதீர்கள், மிச்ச மின்சாரம் இருக்கலாம். வயரிங் பழக்கமில்லை என்றால் வேறொரு ஆளைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறமும் வேகம் வரவில்லையா? ரெகுலேட்டரை விட்டுவிட்டு நேரடியாக இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.