வல்லாரை ஜெல்லும் புடகங்களும்: கேள்வி பதில்

ஹட்டன், உயர்தர மாணவி: அக்கா, வல்லாரையை அரைத்துப் பூசினால் போதாதா? புடகம் எதற்கு?

லயத்துக் கற்சுவரை நினைத்துக்கொள் தங்கச்சி. தோலின் மேற்படையும் அப்படித்தான்: இறந்த கலங்கள் கல், இடையிலுள்ள கொழுப்பு சாந்து. தடிப்பு 10 முதல் 20 மைக்ரோமீற்றர்தான். ஆனாலும் மூலக்கூற்றுத் திணிவு 500ஐத் தாண்டினால் உள்ளே போவது கடினம். வல்லாரையின் முக்கிய செயற்பொருளான ஏசியாற்றிகோசைட்டுக்கு அது ஏறத்தாழ 959. மூன்று வெல்ல அலகுகளும் ஒட்டியிருக்கின்றன. அரைத்துப் பூசினால் பெரும்பகுதி மேலேயே காய்ந்துவிடும். புடகம் என்பது கொழுப்பு போன்ற பொருளாலான மிக நுண்ணிய பை. அதற்குள் அடைத்தால் சாந்தோடு கலந்து இறங்க வழி கிடைக்கும்.

பேராதனை, மருந்தாக்கவியல் மாணவன்: எந்தப் புடக வகை நல்லது, லிப்போசோமா, நியோசோமா, எதோசோமா?

முதலில் நியோசோம் செய்து பழகு தம்பி. லிப்போசோமின் பொசுபோலிப்பிட்டு விலை கூடியது, காற்றுப்பட்டால் கெடும். நியோசோமுக்கு வேண்டிய ஸ்பான் 60 என்ற மேற்பரப்பியங்கி, கொலஸ்திரோல் இரண்டும் மலிவு. இவற்றைக் கரைத்துக் குடுவைச் சுவரில் மெல்லிய படலமாக உலர்த்தி, அதற்கு நீரூட்டும்போது வெப்பநிலை 60 பாகைக்குக் குறையக்கூடாது. நம் குளிரில் குடுவையை வெளியே எடுத்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் கட்டி கட்டியாகத்தான் வரும். ஊற்றும் நீரையும் முன்கூட்டியே சூடாக்கு. 20 முதல் 45 வீதம் எதனோல் கொண்ட எதோசோம் ஆழமாகப் போகும். அதைப் பிறகு பார்க்கலாம்.

தலவாக்கலை: அம்மா கொழுந்து எடுக்கிறவர். விரலெல்லாம் வெடிப்பு. எதோசோம் ஜெல் செய்து கொடுக்கவா அக்கா?

வேண்டவே வேண்டாம். வெடித்த இடத்தில் சுவரே உடைந்து கிடக்கிறது. எதனோல் பட்டால் துடித்துப் போவார். அதைவிடப் பெரிய பயம் எனக்கு ஒன்று உண்டு. பூச்சிமருந்தும் களைமருந்தும் அடித்த மலையில் இறங்கும் கை அது. தோலின் தடையைத் தளர்த்தும் எதுவும் வல்லாரைக்கு மட்டும் கதவு திறக்காது, அந்த மருந்துக்கும் திறக்கும். இரவில் கையைக் கழுவித் துடைத்து வெறும் வாசலின் தடவட்டும். சீழோ வீக்கமோ இருந்தால் டொக்டரிடம் கூட்டிப் போ, நாள் கடத்தாதே.

பண்டாரவளை, கிரீம் செய்து விற்பவர்: பச்சைத் தேயிலை ஜெல் ஒரே கிழமையில் பழுப்பாகிறது, தங்கச்சி.

கட்டியாக வரட்டும் என்று, பீஎச்சை உயர்த்தும் காரமான ட்ரைஎதனோலமைனை அளவுக்கு மேல் விட்டிருப்பீர்கள் அண்ணா. பீஎச் 7ஐத் தொட்டாலே தேயிலையிலுள்ள கற்றெச்சின்கள் ஒட்சியேறத் தொடங்கும். ஜெல்லைக் கட்டியாக்கும் கார்போபோல் பீஎச் 5.5க்குக் கிட்டவே போதுமான கட்டிக்கு வந்துவிடும், அங்கே நிறுத்துங்கள். வெளிச்சம் புகாத டியூப்பில் அடையுங்கள்.

பதுளை, ஆய்வு மாணவி: உள்ளே போனதை எப்படி நிரூபிப்பது?

பிரான்ஸ் கலம் (Franz cell) என்பது மேலறை, கீழறை கொண்ட சோதனைக் கருவி. அவற்றின் நடுவே பன்றிக் காதுத் தோலை இறுக்கி, மேலே ஜெல்லைப் பூசி, தோலின் மேற்பரப்பை 32 பாகையில் வைத்து, 24 மணிநேரம் வரை கீழறையிலிருந்து மாதிரி எடு. அது தோலைக் கடந்து போன அளவை மட்டும் காட்டும், அதோடு விட்டுவிடாதே. வல்லாரை வேலை செய்ய வேண்டிய இடம் உட்தோல், இரத்தமல்ல. ஆகவே தோலுக்குள் தங்கிய அளவையும் பிரித்தெடுத்து அளக்க வேண்டும். சாதாரண ஜெல்லோடு மட்டும் ஒப்பிடுவது அரைகுறை வேலை. வெற்றுப் புடகத்தோடு சாற்றைத் தனியாகக் கலந்தும் ஒரு ஜெல் வை. அதுவும் அதே அளவு கடத்தினால், புடகத்துக்குள் அடைத்ததால் ஒரு பயனும் இல்லை.