ஹோர்மோன் குளிசை போட்டால் இந்த முறை கரு தங்குமா?

கேள்வி: வணக்கம் டொக்டர். எனக்கு வயது 29. இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. ஒன்று ஏழாம் கிழமையில், மற்றது ஒன்பதாம் கிழமையில். இப்போது திரும்பவும் நாள் தள்ளி இரண்டு கிழமையாகிறது. ரத்தம் எதுவும் படவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தனக்குத் தந்த ஹோர்மோன் குளிசையில் மிச்சம் என்று ஓர் அட்டை கொண்டுவந்து தந்தவ. முதலே போட்டிருந்தால் அந்த இரண்டும் தங்கியிருக்கும் என்று மாமி சொல்கிறா. போடலாமா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அந்த அட்டையில் இருந்து ஒன்றும் போட வேண்டாம். 'ஹோர்மோன் குளிசை' என்ற ஒரே பெயரில் பல மருந்துகள் வீடுகளில் கிடக்கின்றன. கோயில் திருவிழாவுக்கு மாதவிடாயைத் தள்ளிப்போட வாங்கும் நோரெதிஸ்தரோன் 5 மில்லிகிராம் குளிசையும் கர்ப்பத்தைத் தாங்கும் புரொஜெஸ்தரோன் ஹோர்மோனின் குடும்பம்தான், ஆனால் கர்ப்பத்தில் அது கூடாது. டைட்ரோஜெஸ்தரோன் 10 மில்லிகிராம் அட்டையாகவும் இருக்கலாம். கர்ப்ப காலத்தில் நாங்கள் எழுதிக்கொடுக்கும் புரொஜெஸ்தரோன் 200 அல்லது 400 மில்லிகிராம் அளவில் வரும். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட முடியாது.

மாமி சொன்னதற்கும் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தச் சொல்தான் உங்களை அதிகம் வாட்டியிருக்கும். சூல் வெளிவந்த இடத்தில் சூலகத்தில் உருவாகும் மஞ்சட் சடலம்தான் ஆரம்பக் கிழமைகளில் புரொஜெஸ்தரோனைச் சுரக்கிறது. ஏழாம் கிழமைக்கும் பத்தாம் கிழமைக்கும் இடையில் சூல்வித்தகம் அந்த வேலையைப் பொறுப்பெடுக்கும். கரு வளராமல் நின்றால் ஹோர்மோனும் இறங்கும். அநேகமாக அந்த இறக்கம் கரு நின்றதன் விளைவு, காரணம் அல்ல. ஆரம்பத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறையப் பாதிக்கு நிறமூர்த்தங்களின் (குரோமோசோம்) எண்ணிக்கை பிழையாக இருக்கும். எந்தக் குளிசையும் அதைத் திருத்தாது. நீங்கள் எதையும் போடாமல் விட்டதால் அந்தப் பிள்ளைகள் போகவில்லை.

ரத்தம் படாத நிலையில் முற்கூட்டியே புரொஜெஸ்தரோன் போடுவது உதவுமா என்பதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் கரு கலைந்த 836 பெண்களிடம் நடந்த அந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. யோனி வழியாக மருந்து வைத்தவர்களில் 100க்கு 66 பேரும், மருந்தில்லாத வெற்று வில்லை வைத்தவர்களில் 63 பேரும் பிள்ளை பெற்றார்கள். பயன் என்று சொல்லத்தக்க வித்தியாசம் அதில் இல்லை. மருந்தில்லாமலே பெரும்பாலானவர்கள் பிள்ளை பெற்றார்கள் என்பதையும் மாமிக்குச் சொல்லுங்கள்.

ரத்தம் படத் தொடங்கினால் கணக்கு மாறும். 2019இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வில், ஆரம்பக் கர்ப்பத்தில் ரத்தம் கசிந்த 4153 பெண்கள் இருந்தார்கள். முன்னர் கரு கலையாதவர்களுக்கு மருந்தால் பயன் இல்லை. ஒன்றிரண்டு முறை கலைந்தவர்களில் பிள்ளை பெற்றவர்கள் 100க்கு 72 பேரில் இருந்து 76 ஆகவும், மூன்று முறையோ அதற்கு மேலோ கலைந்தவர்களில் 57இல் இருந்து 72 ஆகவும் கூடினார்கள். ஆகவே நீங்கள் ஒரு துளி கண்டாலும் பார்மசிக்குப் போகாமல் ஸ்கானுக்குப் போங்கள். உங்களுக்கு முல்லைத்தீவு மாஞ்சோலை வைத்தியசாலை கிட்ட. இரத்த வகை நெகட்டிவ் என்றால் போனவுடனேயே சொல்லுங்கள்.

ஸ்கான் ஏன் முதலில்? கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்று உறுதியாக வேண்டும். குழாயில் தங்கிய கருவுக்கு இந்த மருந்து உதவாது, நேரத்தைத்தான் வீணாக்கும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தோள்முனையில் நோவு, தலைசுற்றி விழுவது, ஒரு மணித்தியாலத்தில் ஒரு பாட் நனைந்துபோகிற அளவுக்கு ரத்தம் என்றால், பஸ்ஸுக்கு நிற்காமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: மிட்வைப்பிடம் பதிந்து, போலிக் அமிலத்தை விடாமல் எடுங்கள். தைரொய்ட், சீனி இரண்டுக்கும் ரத்தம் சோதியுங்கள். அன்ரிபொஸ்போலிப்பிட் என்ற பிறபொருளெதிரி பார்த்தீர்களா என்றும் கிளினிக்கில் கேளுங்கள். 12 கிழமை இடைவெளியில் இரண்டு முறை பார்த்தும் அது இருந்தால், அதற்கு மருந்து அஸ்பிரினும் ஹெபரின் ஊசியும், புரொஜெஸ்தரோன் அல்ல.

கேள்வி: முன்னர் ஒரு முறை கலைந்தது. இந்த முறை ஏழாம் கிழமையில் ரத்தம் பட்டது. ஸ்கானில் துடிப்புத் தெரிந்தது. காலையும் இரவும் புரொஜெஸ்தரோன் 400 மில்லிகிராம் யோனிக்கு உள்ளே வைக்கச் சொன்னார்கள். அடுத்த நாள் வெள்ளையாக வடிகிறது. மருந்து வீணாகிறதா? எவ்வளவு காலம் வைக்க வேண்டும்?
– வாசகி, மல்லாவி

பதில்: வடிவது மருந்தைத் தாங்கிவரும் கொழுப்பு அல்லது எண்ணெய். மருந்து உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும், திரும்ப வைக்க வேண்டாம். கையைச் சோப் போட்டுக் கழுவி, மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, விரல் போகும் தூரத்துக்கு உள்ளே தள்ளுங்கள். கால் மணித்தியாலம் படுத்திருந்தால் வடிவது குறையும். உள்ளே வைக்கும் துணிச்சுருள் பாவிக்கக் கூடாது, வெளியில் பாட் போதும். உங்களிடம் இருப்பது 200 மில்லிகிராம் என்றால் ஒவ்வொரு முறையும் இரண்டு வைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் வையுங்கள், அடுத்த வேளைக்கு அண்மித்துவிட்டால் விட்டுவிடுங்கள், இரட்டிப்பாக வேண்டாம். ரத்தம் கூடப் படும் நாட்களில் மலவாசல் வழியாக வைக்கலாமா என்று கேளுங்கள், சில வகைகள் இரண்டு வழிக்கும் ஏற்றவை.

சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அலுமாரியில் வைத்தால் மெழுகு மருந்து உருகிவிடும். உறைக்குள் வைத்து, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நனையாமல் வையுங்கள். கச்சான் ஒத்துக்கொள்ளாதவர்கள் வாங்கும்போதே சொல்ல வேண்டும். சில வில்லைகளில் கச்சான் எண்ணெய் இருக்கிறது.

16 கிழமை முடியும் வரை வையுங்கள். பிறகு படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை, அப்படியே நிறுத்தலாம். சோர்வும் மார்பு நோவும் மருந்தாலும் வரும், ஆகவே அதை வைத்துக் கரு நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கரு நின்ற பிறகும் ரத்தம் படுவதை இந்த மருந்து பின்போடலாம். தந்த திகதியில் அடுத்த ஸ்கானுக்குப் போவது அதனால் முக்கியம்.

கேள்வி: கிழமைக்கு ஒரு ஹோர்மோன் ஊசி போட்டுக்கொண்டு கட்டிலிலேயே கிடக்க வேண்டுமா? கிளிநொச்சிக்கு மோட்டார் சைக்கிளில் போனதால்தான் போன முறை கலைந்தது என்கிறார்கள்.
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: பயணத்தால் கலையவில்லை. கட்டிலில் கிடப்பதால் கரு தங்கும் என்பதற்குச் சான்று இல்லை. நாட்கணக்கில் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துத்தான் கூடும். நான் மேலே சொன்ன ஆய்வுகள் யோனி வழியாக வைக்கும் மருந்தைப் பற்றியவை, அந்த ஊசியைப் பற்றியவை அல்ல. ஊசி எழுதித் தந்தால், அதன் பெயரைத் துண்டில் எழுதி வாங்கி, கிளினிக் கொப்பியோடு மகப்பேற்று நிபுணரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.