விக்ஸ்பர்க்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்னகத்துக்கு லீ, ஜாக்சன் போன்ற சிறந்த தளபதிகள் இருந்தார்கள். வடக்கின் ஆள்பலமும் ஆலைகளுமே அவர்களை வீழ்த்தின என்று படித்திருக்கிறேன். தலைமையில் பிழையே இல்லையா?

க.

அன்புள்ள க.,

ஆள்பலக் கணக்கு உண்மைதான். வடக்கே சுமார் 2.2 கோடிப் பேர். தெற்கே 90 லட்சம், அதிலும் 35 லட்சம் பேர் அடிமைகள். ஆனால் தெற்கு வடக்கைப் பிடிக்க வேண்டியதில்லை. வடக்குக்குப் போர் அலுத்துப்போகும்வரை தாக்குப்பிடித்தால் போதும். அது கைகூடாமல் போனதில் தலைமைக்குப் பெரும் பங்கு உண்டு. அதைப் பார்க்க, லீ போரிட்ட வர்ஜீனியாவை விட்டு மிசிசிப்பி ஆற்றங்கரையில் தெற்கின் கோட்டை நகராக இருந்த விக்ஸ்பர்க்குக்கு வர வேண்டும்.

1862 நவம்பரில் தென்னகத்தின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ், ஜோசப் ஜான்ஸ்டனை மேற்குக் களத்துக்குத் தலைவராக்கினார். அவருக்குக் கீழே டென்னசியில் பிராக், மிசிசிப்பி மாநிலத்தில் பெம்பர்டன். இரு படைகளுக்கும் நடுவே பல நூறு மைல். இருவரும் ஜான்ஸ்டனைத் தாண்டித் தலைநகர் ரிச்மண்டுக்கே நேராக எழுதலாம். டிசம்பரில், ஜான்ஸ்டன் தடுத்தும் கேளாமல், பிராக்கின் படையிலிருந்து ஸ்டீவன்சனின் டிவிஷனை, சுமார் 9,000 பேரை, பெம்பர்டனிடம் அனுப்பினார் டேவிஸ். மாதக் கடைசியில் ஸ்டோன்ஸ் ரிவர் போரில் பிராக் அவர்கள் இல்லாமலே மோதிப் பின்வாங்கினார்.

1863 ஏப்ரல் 30 அன்று வடக்கின் தளபதி கிராண்ட் விக்ஸ்பர்க்குக்குத் தெற்கே ஆற்றைக் கடந்தார். நேரே ஊரை நோக்கி வராமல் வடகிழக்கே ஜாக்சன் நகரை நோக்கித் திரும்பினார். உணவில் பெரும்பகுதியை வழியிலிருந்த பண்ணைகளிலேயே எடுத்துக்கொண்டார். ஊரை விட்டு வெளியே வந்து கிராண்டின் பின்புறத்தைத் தாக்கும்படி பெம்பர்டனிடம் சொன்னார் ஜான்ஸ்டன். விக்ஸ்பர்க்கை எப்பாடுபட்டேனும் காக்கச் சொன்னார் டேவிஸ். பெம்பர்டன் இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார்: கிராண்டின் வழங்கல் பாதையை அறுக்கத் தென்கிழக்கே கிளம்பினார். பாதி வழியில் திரும்பும்போது, மே 16 அன்று, சாம்பியன் ஹில்லில் சிக்கினார். அங்கே நிலைகுலைந்தது அதே ஸ்டீவன்சனின் டிவிஷன். பிறகு விக்ஸ்பர்க்கில் 47 நாள் முற்றுகை. ஜூலை 4 அன்று ஏறத்தாழ 29,000 பேர் சரணடைந்தார்கள்.

பெம்பர்டன் வடக்கே பென்சில்வேனியாவில் பிறந்தவர் என்பதால் துரோகி என்றே தென்னகம் அவரைத் தூற்றியது. அது அநியாயம். முரண்பட்ட இரு கட்டளைகளைக் கையில் கொடுத்தவர்கள் மேலே இருந்தார்கள்.

லீயையும் விலக்கிவிட முடியாது. தன் படையிலிருந்த பிக்கெட்டின் டிவிஷனை மேற்கே அனுப்பும் யோசனையை எதிர்த்து, அவர் பென்சில்வேனியாவுக்குப் படையெடுத்தார். அங்கே கெட்டிஸ்பர்க்கில் 23,000 பேருக்கும் மேல் இழந்தார்; அந்தப் போர் முடிந்த மறுநாள்தான் விக்ஸ்பர்க் விழுந்தது.

வடக்கு தன் படைகள் முழுவதற்கும் கிராண்டைத் தலைமைத் தளபதியாக்கியது 1864 மார்ச்சில். தெற்கு லீயை அந்தப் பதவியில் அமர்த்தியபோது 1865 பிப்ரவரி. ஏப்ரல் 9 அன்று அவர் சரணடைந்தார்.